வாயசைக்காத நாயகி

ஒருவர் பாட இன்னொருவர் திரையில் வாயசைக்கும் பின்னணிப் பாடல் முறை 1940களின் பிற்பகுதியில் வேரூன்றிய பின்னும், தம் பாத்திரத்துக்குத் தாமே பாடிவந்த பி. பானுமதி (1925–2005), ஒங்கோல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, 1939இல் ‘வரவிக்ரயம்’ என்னும் தெலுங்குப் படத்தில் அறிமுகமானவர். கணவர் ராமகிருஷ்ணாவுடன் பரணி பிக்சர்ஸ் நிறுவனத்தை நடத்திய அவர், 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் தாமே இயக்கியதோடு இரட்டை வேடமும் ஏற்றார்; நாயகி என்றால் நாணிக் கோணுபவள் என்றிருந்த காலத்தில் இது சிறிய துணிச்சலன்று. ‘மலைக்கள்ளன்’ (1954), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவற்றில் எம்.ஜி.ஆருக்கு இணையாக நின்ற அந்தக் கம்பீரம், ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் அவரது பாத்திரம் பாதியிலேயே மறைந்த பின்னும் நினைவில் தங்குகிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் இன்று அப்படங்கள் ஓடும்போதும், திரையில் தெரியும் முகமும் காதில் விழும் குரலும் ஒருவருடையவையே.