முதற்கொழுந்து

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு 'முதல்' என்னும் சொல்லின் அருமையை எவரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. கோடையின் முடிவில் முல்லைப்பெரியாற்று நீர் எப்போது திறக்கப்படும் என்று உழவர்கள் நாள்களை எண்ணிக் காத்திருப்பார்கள். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் நீரை நம்பி, கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இரு போகம் விளைகிறது. அவற்றுள் முதல் போகத்தில் கிடைக்கும் நெல்லுக்குத் தனி மதிப்புண்டு. அந்த நெல்லைக் குத்திய அரிசியில் ஒரு படியேனும் கோவிலுக்குக் கொண்டு வந்து பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

ஆயினும் இதே பள்ளத்தாக்கில் முதலும் முடிவும் அறியாத பயிர்கள் இரண்டு உண்டு. ஒன்று பன்னீர் திராட்சை. 1832இல் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டு வந்தார் என்று சொல்லப்படும் இத்திராட்சை, பிற இடங்களில் ஆண்டின் சில மாதங்களே காய்க்க, இங்கே ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் பழுத்துக் கொண்டேயிருக்கிறது. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்றொன்று, சின்னமனூரிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேகமலைக்கு ஏறினால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை விரிந்து கிடக்கும் தேயிலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் அம்மலையில் தேயிலைச் செடி உறங்குவதேயில்லை. பறித்த இடத்தில் மீண்டும் கொழுந்து விடுகிறது, மீண்டும் பறிக்கிறார்கள்.

உறங்காத செடிக்கு 'முதற்கொழுந்து' என்று ஒன்று இருக்க இயலுமோ? இந்தக் கேள்வி எனக்குள் எழுந்ததற்குக் காரணம், குருமடத்தில் என்னோடு இறையியல் பயின்று, பின்னர் மறைப்பணியாளராக ஜப்பான் சென்ற நண்பர் ஒருவர். விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது என்னைப் பார்க்க வந்தவர், உள்ளங்கை அளவே உள்ள மூன்று பொட்டலங்களை மேசைமேல் வைத்தார். "இவ்வாண்டின் முதல் தேயிலை. ஓர் ஆண்டு வைத்திருந்து குடிப்பதற்கல்ல, உடனே குடித்துவிட வேண்டும்" என்றார்.

ஜப்பானில் குளிர்காலம் முழுவதும் தேயிலைச் செடி உறங்குகிறது. இளவேனில் வந்ததும் விடும் முதல் தளிரைப் பறித்துச் செய்யும் தேயிலைக்குச் 'சின்ச்சா', அதாவது புதுத்தேநீர், என்று பெயர். பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் வரும் அவர்களுடைய இளவேனில் நாளிலிருந்து கணக்கிட்டு, எண்பத்தெட்டாம் நாளில் பறிக்கும் கொழுந்து மிகச் சிறந்தது என்பது அந்நாட்டு வழக்கு. பெரும்பாலும் மே மாதம் இரண்டாம் தேதி அந்நாள் வரும். நாம் மாதா வணக்க மாதத்தைத் தொடங்கும் வேளையில் அவர்கள் கொழுந்து பறித்துக் கொண்டிருக்கிறார்கள்.

முதற்கொழுந்து ஏன் இனிக்கிறது என்பதற்கு அறிவியல் தரும் விளக்கம் எளியது. தேயிலைக்கு இனிமையும் சாரமும் தரும் தியானின் என்னும் பொருளைச் செடி தன் வேரில் உண்டாக்குகிறது. குளிர்காலம் முழுவதும் சேர்த்து வைத்த அந்தச் செல்வத்தை முதல் தளிருக்கு அனுப்பிவிடுகிறது. வெயில் ஏற ஏற, இலையிலுள்ள தியானின் துவர்ப்பும் கசப்பும் தரும் வேறு பொருளாக மாறிவிடுகிறது. ஆகவே இரண்டாம் பறிப்பிலும் மூன்றாம் பறிப்பிலும் துவர்ப்பு மிகுதி. பறித்த இலையை உடனே ஆவியில் அவித்துவிடுவதால் அது கறுக்காமல் பச்சை நிறம் மாறாதிருக்கிறது. நம் மலைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி, காற்றுப்படச் சிவக்க விடுகிறார்கள். செடி ஒன்றுதான்; செய்முறையே அதைக் கறுப்புத் தேநீராகவும் பச்சைத் தேநீராகவும் ஆக்குகிறது.

மூன்று பொட்டலங்களும் மூன்று ஊர்களைச் சேர்ந்தவை. ஒன்று நாட்டின் தெற்கிலுள்ள ககோஷிமா. ஒன்று கியோட்டோவை அடுத்த ஊஜி. மற்றொன்று ஃபுக்குவோக்கா மாநிலத்து மலைப்பாங்கான யாமே. மறுநாள் மாலை மூன்றையும் ஒருசேரச் சுவைத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. பங்கின் உபதேசியாரும் சமையற்காரரும் உடனிருந்தார்கள்.

கொதிக்கும் நீரை இலையில் ஊற்றலாகாது என்று நண்பர் முதலிலேயே எச்சரித்துவிட்டார். எழுபது பாகை அளவுக்குச் சூடு தணிய வேண்டும். வெப்பமானி வேண்டாம், ஒரு டம்ளரிலிருந்து மற்றொரு டம்ளருக்கு இரண்டு மூன்று முறை மாற்றினாலே போதும் என்றார். "இதற்கா இவ்வளவு பேச்சு? ஆத்திக் குடுக்கிறதுதானே, சாமி!" என்றார் சமையற்காரர். நாம் நாள்தோறும் காப்பியை ஆற்றுகிறோம். அழும் குழந்தையை ஆற்றுகிறோம். இழவு வீட்டிற்குச் சென்று ஆறுதல் சொல்கிறோம். சூட்டைத் தணிப்பதற்கும் துயரத்தைத் தணிப்பதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது.

ககோஷிமாத் தேயிலையை நெடுநேரம் ஆவியில் அவிப்பார்களாம். அதனால் இலை உதிர்ந்து தூளாகி, நீர் கலங்கி, முருங்கைக்கீரைச் சாறுபோல் அடர்பச்சையாயிற்று. நாவில் பட்டதும் இனிப்பு; அதன் பின்னே பச்சை மொச்சை வேகும் மணம். ஊஜித் தேயிலை ஊசி போன்று மெலிந்து நீண்டிருந்தது. அதன் நீர் தெளிந்த இளமஞ்சள். முதல் வாயில் ஒன்றுமே தெரியவில்லை. விழுங்கியபின் தொண்டையிலிருந்து மணம் மேலேறி வந்து நெடுநேரம் நின்றது. யாமேத் தேயிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இளநீர் வழுக்கையின் குழைவும், நல்ல பருப்புத் தண்ணீரின் சாரமும் அதில் இருந்தன. உபதேசியார் ககோஷிமாவை விரும்பினார். எனக்கு ஊஜி. சமையற்காரர், "மூணுலயும் சீனி போடலையே!" என்று வருந்தினார். எனினும் மூன்றாம் முறை நீர் ஊற்றியபின் எஞ்சிய இலைகளை அவர் வீணாக்கவில்லை. சின்ன வெங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொரியலாக்கிவிட்டார். ஜப்பானியரும் அந்த இலைகளைச் சாற்றில் தோய்த்து உண்பதுண்டு என்றார் நண்பர்.

அன்று அவர் சொன்ன செய்தி ஒன்று இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. தேயிலையைத் தரம் பிரிக்கும் சுவைஞர்கள் நம்மைப்போல் நீரை ஆற்றி ஊற்றுவதில்லையாம். கொதிக்கக் கொதிக்கவே ஊற்றுவார்களாம். குறைகளை வெளியே கொண்டு வருவது கொதிநீர். ஒரு கருகலோ, ஒரு பழைய வாடையோ அதில் மறைந்திருக்க முடியாது. இனிமையை வெளியே கொண்டு வருவது ஆறிய நீர். ஒரே இலை, இருவகை நீர், இருவகைச் சாட்சியம்! இரண்டுமே பொய்யல்ல. விலை நிர்ணயிப்பவருக்குக் கொதிநீர் தேவை. ஆனால் குடிப்பதற்காக எவரும் அப்படிக் காய்ச்சுவதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல்லாண்டு அமர்ந்தவனுக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அப்படித்தான் என்று எண்ணுகிறேன். பிள்ளையின் குறையைக் கண்டுபிடிக்க நாம் வைக்கும் சூடும், அப்பிள்ளையிடமிருந்து இனிமையைப் பெற வேண்டிய சூடும் ஒன்றல்ல.

ககோஷிமா என்னும் பெயர் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அயலானதன்று. முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டிச் செபம் கற்பித்த புனித சவேரியார், 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், விண்ணேற்பு விழாவன்று, ஜப்பானில் கால் வைத்த இடம் அதுவே. இன்று அந்த மாநிலம் தேயிலையில் தலைசிறந்து விளங்குகிறது. முதல்நிலைத் தேயிலை உற்பத்தியில் 2024இல் ஷிசுவோக்காவையே முந்திவிட்டது. அவருக்குப் பின் அங்கு சென்ற இயேசு சபைக் குரு வலிஞானோ, சபை இல்லங்களில் விருந்தினருக்குத் தேநீர் வழங்கத் தனியிடம் இருத்தல் வேண்டும் எனப் பணித்தார். தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்யூவின் தலைசிறந்த ஏழு சீடருள் ஒருவராக எண்ணப்படும் தக்கயாமா உக்கோன் ஒரு கிறிஸ்தவர். 1587இல் விசுவாசத்தைக் கைவிட மறுத்துத் தம் ஆட்சிப் பகுதியை இழந்தார். 1614இல் நாடு கடத்தப்பட்டு, மறு ஆண்டின் தொடக்கத்தில் மணிலாவில் உயிர் நீத்தார். 2017இல் திருச்சபை அவரை அருளாளர் என அறிவித்தது. அந்தத் தேநீர் அறையின் வாயில் மிகச் சிறியது. உள்ளே நுழைபவர் குனிந்துதான் ஆக வேண்டும். பிரபு, வணிகர் என்ற வேறுபாடு அங்கே இல்லை.

நாங்கள் சுவைத்துக் கொண்டிருந்த வேளையில், இறந்த கணவருடைய ஆண்டு நினைவிற்குப் பூசை கேட்டு மூதாட்டி ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். மேகமலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்து, ஓய்வு பெற்று, இப்போது மகளோடு கீழே வசிப்பவர். "நீங்களும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பாட்டியம்மா" என்று யாமேத் தேநீரை நீட்டினேன். குடிக்குமுன் மோந்தார். சற்று நேரம் டம்ளரை முகத்தருகே வைத்துக் கொண்டேயிருந்தார்.

"சாமி, இது கொழுந்து வாசம். வெயில் ஏறுறதுக்கு முந்திப் பறிச்சுக் கூடை நெறஞ்சதும், தலையத் திருப்புனா முதுகுப் பக்கமிருந்து வருமே, அதே வாசம்."

குடித்தார். பின்பு மெல்லச் சொன்னார்: "முப்பத்திரண்டு வருசம் பறிச்சேன். இந்த வாசம் தண்ணியில எறங்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது. எங்களுக்கு மாசாமாசம் தூளு குடுப்பாங்க. அது கறுப்பாத்தான் எறங்கும்."

முறையீடாக அவர் அதைச் சொல்லவில்லை. கண்டறிந்த ஒன்றைச் சொன்னார். எங்கள் மூவருக்கும் அதற்குமேல் தேநீரைப் பற்றிப் பேச நா எழவில்லை. ககோஷிமாவா, ஊஜியா என்று அதுவரை வழக்காடியவர்கள், வாழ்நாளெல்லாம் இலையைத் தொட்டவருக்கு அதன் சுவை தெரியாதிருந்ததைக் கேட்டு அமர்ந்திருந்தோம்.

முதற்பலனைக் குறித்து மறைநூல் கூறுவதை அன்றிரவு மீண்டும் வாசித்தேன். முதல் கதிர்க்கட்டை ஆண்டவருக்கு அளிக்கும் முன் புதுத் தானியத்தை உண்ணலாகாது என்கிறது லேவியர் 23ஆம் அதிகாரம். இணைச்சட்டம் 26ஆம் அதிகாரமோ இன்னும் நுட்பமானது. முதற்பலனைக் கூடையில் எடுத்துச் செல்ல வேண்டும்; எடுத்துச் செல்பவன், தன் மூதாதையர் எகிப்தில் அடிமைகளாய் உழைத்த வரலாற்றைத் தன் வாயால் அறிக்கையிட வேண்டும்; பின்னர் லேவியரோடும் தன்னிடையே வாழும் அந்நியரோடும் கூடி மகிழ வேண்டும். அங்கே கூடையைச் சுமப்பவனும், பலனைச் சுவைப்பவனும், வரலாற்றைச் சொல்பவனும் ஒருவனே. நம் மலைகளில் இம்மூன்றும் மூவரிடம் பிரிந்து கிடக்கின்றன. கூடை ஒருவர் முதுகில். சுவை வேறொருவர் கிண்ணத்தில். வரலாறு எவர் வாயிலும் இல்லை. பாடுபட்டு உழைக்கும் உழவரே விளைச்சலில் முதற்பங்கு பெற வேண்டும் எனப் புனித பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதினார் (2 திமொ 2:6). அதை அவர் உவமையாகவே சொன்னார் என்பது மெய்தான். ஆயினும் நடைமுறையில் எவரும் ஏற்கும் நியாயமாக இருந்தாலன்றி அது உவமையாக ஆகியிராது.

எல்லை தாண்டிய மூணாறில், 2015 செப்டம்பரில், தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தாங்களாகவே திரண்டு சாலையில் அமர்ந்தார்கள். அன்று அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். தலைவர்கள் எவரையும் முன்னிறுத்தாமல் அவர்கள் நடத்திய அப்போராட்டத்திற்குப் பின் கூலி 301 ரூபாயாயிற்று. தம் முதுகிலிருந்த கூடையின் வரலாற்றைத் தம் வாயால் அறிக்கையிட்டார்கள் அவர்கள். அப்பெண்களுள் பலருடைய உறவினர்கள் நம் பள்ளத்தாக்கின் ஊர்களில் இருக்கிறார்கள். நம் கோவில்களில் ஞாயிறுதோறும் நம்மருகே முழந்தாளிடுகிறார்கள்.

அன்பர்களே, கிறிஸ்து இறந்தோருள் முதற்கனியாக உயிர்த்தார் என்பது நம் விசுவாசம் (1 கொரி 15:20). முதற்கனி தனக்கென இருப்பதன்று. பின்வரும் அறுவடை முழுவதற்கும் அது உறுதிமொழி. ஒரு செடியின் முதற்கொழுந்து இனிக்கிறதென்றால், குளிரில் அதைக் காத்த வேருக்கும், விடியலில் அதைப் பறித்த விரலுக்கும் அவ்வினிமையில் உரிமையுண்டு. உறங்காத நம் மலைச் செடிகளுக்கு முதற்கொழுந்து என ஒரு நாள் இல்லாதிருக்கலாம். பறிப்பவருக்கு முதற்பங்கு தருவதற்கு அப்படியொரு நாள் வேண்டியதுமில்லை.

பொங்கல் திருப்பலியில் நெல்லும் கரும்பும் திராட்சையும் காணிக்கைப் பவனியில் வருவது எங்கள் பங்கின் வழக்கம். இம்முறை ஒரு கூடைப் பச்சைக் கொழுந்தையும் சேர்த்துக் கொள்வதென்று பங்குப் பேரவையில் முடிவு செய்திருக்கிறோம். அதைச் சுமந்து வர அந்த மூதாட்டி இசைந்துவிட்டார். திருப்பலி முடிந்ததும் அக்கொழுந்தை அங்கேயே அவித்து, உலர்த்தி, நீரை ஆற்றி ஊற்றி, முதல் டம்ளரை மலையிலிருந்து வருவோருக்குக் கொடுப்பதாகத் திட்டம். ஜப்பானியர் கைத்திறன் எங்களுக்கு வராது. சற்றுத் துவர்க்கவும் செய்யும்.

அன்று விடைபெற்றபோது மூதாட்டி தயங்கி நின்றார். "ஒரு சிட்டிகை தருவீங்களா சாமி? மருமக இன்னும் மேலதான் பறிக்குது" என்றார். யாமேப் பொட்டலத்தில் எஞ்சியிருந்ததை அப்படியே மடித்துக் கொடுத்தேன். நீரை எத்தனை முறை ஆற்ற வேண்டும் என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, அதை முந்தானையில் முடிந்தார்.