மடங்கிய ஒளியும் ஏழாவது கோரிக்கையும்

இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானது எதுவும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஏ) பிரிவு. எரிபொருளே இல்லாமல் என்றைக்கும் ஓடும் எந்திரம் செய்துவிட்டேன் என்று வருபவர்களுக்கு வாசலிலேயே பதில் சொல்லும் பிரிவு இது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக நான் நடத்திய விண்ணப்பத்தில், பரிசோதனை அறிக்கையின் முதல் ஆட்சேபணையே அதுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் சாய்வாக நுழையும் ஒளி, செங்குத்துக் கோட்டைக் கடந்து மறுபக்கம் போகும். எங்கள் கட்சிக்காரரின் பொருளிலோ அது வந்த பக்கத்துக்கே மடங்கியது. ஒளிவிலகல் எண் பூஜ்ஜியத்துக்கும் கீழே!

இந்த ஆட்சேபணைக்குப் பதில் சொல்வது சிரமமாக இல்லை. மின் விடுதிறனும் காந்த உட்புகுதிறனும் ஒருசேர எதிர்மறையானால் ஒளிவிலகல் எண்ணும் எதிர்மறையாகும் என்று சோவியத் இயற்பியலாளர் விக்டர் வெசலாகோ 1967-லேயே எழுதிவிட்டார். ஸ்நெல் விதி அப்படியே நிற்கிறது; அதில் போடும் எண்ணின் குறிதான் மாறுகிறது. 2001-இல் சான் டியாகோ ஆய்வாளர்கள் செப்பு வளையங்களையும் கம்பிப் பட்டைகளையும் அடுக்கி, மைக்ரோ அலையில் இதைச் செய்துகாட்டினார்கள். 2008-இல் பெர்க்லி குழு, வெள்ளியும் மெக்னீசியம் ஃபுளோரைடும் மாறி மாறி வைத்த 21 அடுக்குகளில் வலைபோலத் துளையிட்டுப் பட்டகம் செய்தது. 1775 நானோமீட்டர் அலைநீளத்தில் அதன் எண் −1.23. மூன்று கட்டுரைகளையும் தாக்கல் செய்தேன். 3(ஏ) போயிற்று.

விசாரணையில் காப்புரிமைக் கன்ட்ரோலர் அதே கட்டுரைகளை என் பக்கம் திருப்பினார். "இதெல்லாம் முன்பே இருக்கிறதே சார், உங்கள் கட்சிக்காரர் புதிதாக என்ன செய்தார்?" மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பார்களே, அந்த நிலை.

எங்கள் முதல் கோரிக்கை, துளையிட்ட உலோக அடுக்குகளால் எதிர்மறை எண் தரும் எந்த அமைப்பும் எங்களுக்கே என்றது. பெர்க்லி பட்டகமே அதற்குள் அடங்கிவிடும். பிறகு புதுமை எங்கே? துளையின் அகலத்தையும் இடைவெளியையும் கணினியில் கணக்கிடும் வடிவமைப்பு முறைக்கும் தனியாக ஒரு கோரிக்கை இருந்தது. அது 3(கே) பிரிவில் விழுந்தது. கணித முறைக்கும் வெறும் கணினி நிரலுக்கும் காப்புரிமை இல்லை.

எஞ்சியது ஏழாவது கோரிக்கை. யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அயனிக் கற்றையால் இவ்வளவு நுண்ணிய துளை போட்டால் அதன் சுவர் நேராக நிற்காது; மேலே அகன்று கீழே குறுகும். அதனால் அடுக்குக்கு அடுக்கு ஒத்ததிர்வு நழுவும். நான் தாக்கல் செய்த கட்டுரைகளில் அதற்குத் தீர்வு இல்லை. எங்கள் ஆய்வாளர்கள் அந்தச் சாய்வையே கணக்கில் சேர்த்து, நழுவுவதை ஈடுகட்டும்படி மின்காப்பு அடுக்குகளின் தடிமனை மேலிருந்து கீழாகப் படிப்படியாக மாற்றியிருந்தார்கள். சமத் தடிமன் பட்டகத்தோடு ஒப்பிட்ட வரைபடமும் விவரக்குறிப்பிலேயே இருந்தது.

ஏழாவதை முதல் கோரிக்கைக்குள் கொண்டுவந்தேன். முன்பு கோரியதைக் குறுக்குவதால், திருத்தங்களுக்கான 59-ஆம் பிரிவு குறுக்கே நிற்கவில்லை. விசாரணை முடிந்த 15 நாள் கெடுவுக்குள் எழுத்து வாதத்தோடு திருத்தத்தையும் கொடுத்தோம். காப்புரிமை கிடைத்தது.

கட்சிக்காரருக்கு மனக்குறை. "மலையைக் கேட்டோம், கல்லை வாங்கித் தந்தீர்கள்" என்றார். நான் சொன்னேன்: நாளைக்கு ஒருவர் உங்கள் பொருளைக் காப்பியடித்தால், அவர் ஒளியை எப்படி மடக்குகிறார் என்று நிபுணர்களை வைத்து ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டாம். அவருடைய துண்டைக் குறுக்கே வெட்டி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அடுக்குகளின் தடிமனை அளந்தால் போதும். மலையே கிடைத்திருந்தால் அந்த வழக்கை நம்மால் நிரூபிக்கவே முடிந்திராது.