தண்டவாளம் போன பின் பிழைத்த ஊர்கள்

மாநகரச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது எப்படிப்பட்ட சோதனை என்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆசையாய்ச் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை மாடிப்படியின் கீழ் பூட்டி வைத்திருக்கும் பெற்றோர் நம்மிடையே அநேகர். அப்படிப்பட்ட நமக்கு, 152 கிலோமீட்டர் தூரம் லாரியோ காரோ ஓடாத ஒரு பாதை, மேய்ச்சல் நிலங்களின் நடுவே அமைதியாய்ச் செல்கிறது என்றால் நம்பக் கடினமாயிருக்கும். நியூசிலாந்தின் தென் தீவில், ஒட்டாகோ மாநிலத்தின் உட்பகுதியில் அப்படி ஒரு பாதை இருக்கிறது. கிளைடு என்னும் சிற்றூரில் தொடங்கி மிடில்மார்ச் என்னும் சிற்றூரில் முடியும் அதற்கு ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் என்று பெயர். நடப்பவரும், மிதிவண்டியில் செல்பவரும், குதிரையில் செல்பவரும் மட்டுமே அதில் போகலாம்.

பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. அது ரயில் ஓடிய பாதை. 1879-ல் வேலை தொடங்கியது. 1891-ல் மிடில்மார்ச் வரையிலும், 1907-ல் கிளைடு வரையிலும் தண்டவாளம் வந்து சேர்ந்தது. பாறை மலைகளைக் குடைந்த தொழிலாளர்கள் கடுங்குளிரிலும் கூடாரங்களில் குடியிருந்தார்கள். கம்பளியும், ஆடுகளும், பழங்களும் அந்த ரயிலில் ஏறித் துறைமுகப் பட்டணமான டனீடினுக்குப் போயின. பின்பு லாரிகள் வந்தன. 1976-ல் பயணிகள் சேவை நின்றது. கிளைடில் கட்டப்பட்ட பெரிய அணைக்குப் பொருள்கள் ஏற்றிச் செல்வதே ரயிலின் கடைசிப் பெரிய வேலையாக இருந்தது. அதுவும் முடிந்தபின் 1990-ல் மிடில்மார்ச்சுக்கு அப்பாலுள்ள பாதை மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

ஊரை விட்டு ரயிலேறி வந்த நமக்கு, ஓர் ஊருக்கு ரயில் நின்றுபோவது எத்தகைய செய்தி என்பது புரியும். அந்த ஊர்களுக்கு அது இரட்டை அடி. 1984 முதல் நியூசிலாந்து அரசு விவசாய மானியங்களை நீக்கிவிட்டிருந்தது. பண்ணைகளில் வேலை குறைய, இளையவர்கள் பட்டணங்களை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

1993-ல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்த வெறும் தடத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அப்பகுதி மக்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து, பணம் திரட்டத் தொடங்கினார்கள். பாலங்களுக்குப் பலகைத் தளமும் கைப்பிடியும் அமைத்து, சரளை பரப்பிச் சமப்படுத்தினார்கள். 60-க்கும் மேற்பட்ட பாலங்கள்! விவசாயிகள் பலர் இதை எதிர்த்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. குட்டி ஈனும் காலத்தில் ஆடுகள் மிரளும், வேலிக் கதவுகளைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள், அந்நியர் நிலத்தில் நடமாடுவார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆடு வளர்த்துப் பிழைக்கிறவனுக்கு இவை அற்பமான அச்சங்கள் அல்ல. ஆயினும் வேலை நின்றுவிடவில்லை; 2000-ஆம் ஆண்டு முழுப் பாதையும் திறக்கப்பட்டது.

இனி உங்களைக் கிளைடிலிருந்து அழைத்துச் செல்கிறேன். நீராவி ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே இந்தப் பாதையின் ஏற்றம் எங்கும் ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டுவதில்லை. அறுபது வயதைக் கடந்தவரும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். முதல் 8 கிலோமீட்டரில் அலெக்சாந்திரா வருகிறது. சுற்றிலும் செர்ரி, ஆப்ரிகாட் தோட்டங்கள். காய்ந்த குன்றுகளில் தைம் என்னும் மூலிகை தானாகவே படர்ந்திருக்கிறது; வெயில் ஏறியதும் அதன் மணம் எழும்போது நம் வீட்டு ஓமம் நினைவுக்கு வரும். இரண்டிலும் தைமால் என்ற ஒரே பொருள் இருப்பதே காரணம்.

ஒமகாவ் என்னும் ஊரில் பாதையை விட்டுச் சற்றே விலகினால் ஓப்பீர் இருக்கிறது. ஆம், சாலொமோனின் கப்பல்கள் பொன் கொண்டுவந்த அதே ஓப்பீரின் பெயர்தான். 1860-களில் இங்கே பொன் கிடைத்தது. அந்த நினைவில் வேதாகமப் பெயரைச் சூட்டினார்கள். பொன் தீர்ந்தது, ஜனங்கள் போனார்கள். 1886-ல் கட்டப்பட்ட கல் அஞ்சலகம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது.

லாடர் என்னும் ஊரைக் கடந்தால் பூல்பர்ன் பள்ளத்தாக்கு. பயணத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் எண்ணம். 37 மீட்டர் உயரமுள்ள இரும்புப் பாலம், வெட்டிய கல்லால் எழுப்பிய தூண்களின்மேல் நிற்கிறது. இதே பகுதியில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ள இரண்டு சுரங்கங்கள். உள்ளே விளக்கு கிடையாது. கையில் டார்ச் இல்லாதவர் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க நேரிடும்.

அப்பால் ஓட்டுரேஹுவா. இந்த ஊரில் எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895-ல் விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறையை ஆரம்பித்தார். வேலிக் கம்பியை இழுத்து இறுக்கும் அவருடைய கருவி உலகின் பல நாடுகளுக்குப் போனது. ஆனால் என்னைக் கவர்ந்தவர் அவர் மனைவி ஹன்னா. கணவர் பட்டறையில் கருவி செய்ய, பெரிய குடும்பத்தின் தாயான இந்த அம்மையார் மிதிவண்டியில் ஏறி, மண்சாலைகளில் பண்ணை பண்ணையாய்ச் சென்று விற்பனைக்கு ஆர்டர் எடுத்து வந்தார்! இன்று அந்தப் பாதையில் மிதிக்கிற ஆயிரக்கணக்கானோருக்கு அவரே மூத்தவர். பட்டறை இப்போது நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்கே இறங்காமல் போய்விடாதீர்கள்.

பாதையின் மிக உயரமான இடம் 618 மீட்டர். அதைக் கடந்து இறங்கினால் மணியட்டோட்டோ சமவெளி. அங்குள்ள ஓடைகளுக்கு நிலஅளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் தம் சொந்த வட்டார மொழியில் பசு, பெட்டையாடு, பன்றி என்று பண்ணை விலங்குகளின் பெயர்களையே வைத்துவிட்டார். வெட்டர்பர்ன் என்ற ஊர்ப் பெயருக்கு ஆட்டுக்கிடா ஓடை என்று பொருள். இந்த ஊர் ரயில் நிலையத்தின் பச்சைச் சரக்குக் கொட்டகையை ஓவியர் கிரகாம் சிட்னி வரைந்து புகழ்பெறச் செய்தார். ரயில் நின்றபின் வேறிடம் போய்விட்ட அந்தக் கொட்டகையை ஊரார் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

காரில் வருகிறவர் இந்த ஊர்களை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுவார். ஒரு காசும் இங்கே விழாது. சைக்கிளில் வருகிறவருக்கோ 15 அல்லது 20 கிலோமீட்டருக்கு ஒருமுறை பசிக்கிறது, தாகமெடுக்கிறது. மாலையில் படுக்க இடம் வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள் வரை அவர் அந்த ஊர்களிலேயே உண்டு உறங்கியாக வேண்டும். மூடவிருந்த உணவகங்கள் அதனால் பிழைத்தன. கம்பளி கத்தரிப்போர் தங்கிய பழைய அறைகள் விருந்தினர் விடுதிகளாயின. முன்பு எதிர்த்த பண்ணைக்காரர்களில் சிலரும் வீட்டைத் திறந்துவிட்டார்கள். ஆடு வளர்ப்பும் நிற்கவில்லை; வேலியைக் கடக்கும் இடங்களில் மந்தைகள் உங்கள் குறுக்கே வரக்கூடும், அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். 2009-ல் நாடு முழுவதும் சைக்கிள் பாதைகள் அமைக்க அரசு முடிவு செய்தபோது, இதைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார்கள். இன்று அப்படிப்பட்ட பெரும் பாதைகள் 20-க்கும் மேல்.

ஹைட் என்னும் ஊருக்கு அருகே சற்று நில்லுங்கள். 1943 ஜூன் 4 அன்று மிகுந்த வேகத்தில் வந்த பயணிகள் ரயில் இங்கே தடம் புரண்டு 21 பேர் மாண்டார்கள். அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

நம்மில் அநேகர் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. ஆனால் நியூசிலாந்தில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்க டிசம்பரில் புறப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அங்கே அது கோடைகாலம், பாதைக்கு ஏற்ற காலம். குளிர்காலத்தை நினைக்கவே வேண்டாம். 1903-ல் ரான்ஃபர்லியில் மைனஸ் 25.6 டிகிரி பதிவாயிற்று. கோடையிலும் சமவெளியில் எதிர்காற்று பலமாய் அடிக்கும், நிழல் அரிது. தண்ணீரும் மேல்சட்டையும் அவசியம். சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம். பெட்டிகளை அடுத்த விடுதிக்கு வேனில் அனுப்பிவிடும் வசதியும் உண்டு. விடுதிகள் சிறியவை என்பதால் முன்பதிவு செய்துவிட்டே புறப்படுங்கள். மிடில்மார்ச்சில் இறங்கியபின் டனீடின் நகரம் சுமார் 80 கிலோமீட்டர். அங்கிருந்து மீண்டும் கார்களின் சாலைதான்.