சேத்தியாத்தோப்பில் ஒரு சம்பளக் கணக்கு

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் இறங்கினால் சென்னை, கும்பகோணம், சிதம்பரம், விருத்தாசலம் என்று நாலா பக்கமும் ரோடு பிரியும். ஊர்ப் பிள்ளைகள் படித்து முடித்ததும் பஸ் ஏறுவது இங்கேதான். தண்ணீரும் அப்படித்தான். வீராணம் ஏரித் தண்ணீர் 2004-லிருந்து ராட்சசக் குழாயில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் போய்ச் சென்னை சேருகிறது. டிக்கெட் கிடையாது!

அக்கா வீட்டில் நுழைந்ததும் பஞ்சாயத்து. மகனுக்கு இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை. சென்னையில் கைக்கு 45,000, பெங்களூரில் 56,000.

"பதினோராயிரம் ஜாஸ்தி மாமா!"

"இருடா மாப்ளே" என்று காலண்டர் தாளைக் கிழித்தேன். சாப்பாட்டோடு ஹாஸ்டல் அங்கே 4,000 அதிகமாம், அவனே விசாரித்து வைத்திருந்தான். ஆபீஸ் போய்வர 2,000, ஊருக்கு வந்துபோக 1,500 அதிகம். பதினோராயிரம் மூவாயிரத்து ஐந்நூறாக இளைத்துவிட்டது.

"நாளைக்குக் கல்யாணமானா? 22,000 வாடகைன்னா பத்து மாச அட்வான்ஸ் கேப்பான். 2,20,000!" தமிழ்நாட்டில் 2017-ம் வருஷச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. (வீட்டுக்காரர்கள் அதைப் படித்தார்களா என்பது வேறு கதை.)

தண்ணீர்ச் செலவு? 2024-ல் பெங்களூரில் போர்வெல்கள் வற்றி, 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய் என்று அரசாங்கமே விலை கட்ட வேண்டிவந்தது. சென்னை மட்டும் என்ன வாழ்ந்தது, 2019-ல் குடத்தோடு தெருவில் நின்ற ஊர்தானே! வேடிக்கை என்னவென்றால், இரண்டு ஊரும் குடிப்பது காவிரியைத்தான். பெங்களூருக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் பம்ப் அடித்து மேட்டில் ஏற்றுகிறார்கள். வீராணத்துக்கு அதே காவிரி கொள்ளிடம், வடவாறு வழியாக வருகிறது.

"எல்லாம் சரி மாமா. ரெண்டு வருஷம் கழிச்சு வேற கம்பெனி மாறணும்னா அங்கேதான் நிறைய இருக்கு. அதை எந்தக் காலத்துல எழுதுவீங்க?"

எனக்கு எழுதத் தெரியவில்லை.

அடுக்களையிலிருந்து அக்கா குரல் வந்தது. "உங்கப்பா நெய்வேலியில சேர்ந்தப்ப குவார்ட்டர்ஸ் குடுத்தாங்க, ஆஸ்பத்திரி குடுத்தாங்க. யாரு கணக்குப் போட்டா? அவரும் போயிட்டாரு. ராத்திரி எனக்கு மூச்சு எளைச்சா, சென்னையிலேர்ந்து நீ விடியறதுக்குள்ள வந்துடுவே. பெங்களூர்லேர்ந்து?"

யாரும் பேசவில்லை. பையன் பேனாவை வாங்கி என் கணக்குக்குக் கீழே, 'அம்மாவுக்குத் துணைக்கு ஆள் - 6,000' என்று எழுதினான். கழித்துப் பார்த்தேன். மாதம் 2,500 நஷ்டம்.

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பெங்களூருக்கு ராத்திரி பஸ் எத்தனை மணிக்கு மாமா?" என்றான்.

அக்கா புளியோதரைக்குப் புளி ஊறவைக்கப் போய்விட்டாள்.