கொடுத்தால் வாழும் செடி

நெய்வேலி நகரியத்தில் குடியிருப்பு எவருக்கும் சொந்தமன்று. பணியில் உள்ளவரை வாழ்ந்து, ஓய்வு பெற்றபின் சாவியை ஒப்படைத்துச் செல்லவேண்டும். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், சிற்றூர் மக்கள் விட்டகன்ற மண்ணில் எழுந்த நகர் இது. வருவோரும் போவோருமான இவ்வூரில் வீட்டுக்கு வீடு கைமாறி வாழும் செடி ஒன்று உண்டு. அதுவே கற்பூரவள்ளி.

துளசி, தும்பை, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி இது. மரத்தின் அரைநிழலே இதற்குப் போதும். தடித்த இலையைக் கசக்கினால் ஓமத்தின் மணம் வீசும். ஆதலால் ஓமவள்ளி என்றும் பெயர் பெற்றது. ஓமத்திலுள்ள தைமால் என்னும் பொருள் இதன் இலையிலும் உண்டு.

இதனை அறிவியல் முறைப்படி பெயரிட்டு விவரித்தவர் லூரெய்ரோ என்னும் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி. இன்றைய வியட்நாமின் பகுதியான கொச்சின்சீனாவில் நெடுங்காலம் வாழ்ந்த அவர், அந்நாட்டுச் செடிகளைப் பற்றி எழுதிய நூல் 1790-இல் லிஸ்பன் நகரில் வெளிவந்தது. வியட்நாமியரும் நம்மைப் போலவே இருமலுக்கு இவ்விலையை நாடுகின்றனர்.

இச்செடி பூப்பது அரிது. விதையை நம்பி இது வாழ்வதில்லை. கிளையை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும். ஒருவர் கொடுக்க, மற்றவர் வாங்க, இவ்வாறே கொல்லைக்குக் கொல்லை பரவுகின்றது.

எங்களுக்கு இதைத் தந்தவர் அடுத்த வீட்டு அம்மையார். எங்கள் மகள் நள்ளிரவில் இருமித் தவித்தபோது, நாலு இலையுடன் வந்து, அனலில் வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுத்தார். மறுநாள் ஒரு கிளையையும் ஊன்றித் தந்தார். (ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆகாது. இரு வாரம் நீடிக்கும் இருமலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருத்துவரையே நாடவேண்டும்.)

அவர் கணவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். வீடு பூட்டிக் கிடந்தது; நீரூற்ற ஆளின்றி அவர்களது செடி பட்டுப்போயிற்று. அவர் தமக்கென வைத்திருந்தது அழிந்தது. எங்களுக்கு ஈந்தது தழைத்தது. பின்னர் அவர் மகளின் திருமணத்துக்குச் சென்றபோது, எங்கள் செடியின் கிளையை ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் சென்றோம். அதை வாங்கிய அம்மையார் முகர்ந்து பார்த்துக் கண் கலங்கினார்.

எங்களுக்கும் ஓய்வு நாள் நெருங்குகின்றது. எதிர் வரிசைக்குப் புதிதாய்க் குடிவந்த இளந்தம்பதியருக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டோம். உங்கள் கொல்லையிலும் இச்செடி இருப்பின், அயலார் கேட்குமுன் கொடுத்து வையுங்கள்.