ரஞ்சன்குடிக் கோட்டை போயிருக்கீங்களா?

சென்னை-திருச்சி ரோட்டில் போகிற எல்லோரும் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள், பஸ் ஜன்னல் வழியாக! பெரம்பலூரிலிருந்து பக்கம்தான். போன ஞாயிறு நண்பர்களோடு ஏறினேன். அகழி, மதில், அப்புறம் பாறை. உச்சியில் அப்படி ஒரு காற்று. சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும்.

1751-ல் இந்தப் பக்கம்தான் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஓர் அணி, முகமது அலியும் ஆங்கிலேயரும் மறு அணியாக மோதினார்கள். ஆங்கிலேயப் படை திருச்சிக்குப் பின்வாங்கியது. அதே வருஷம் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததுதான் நமக்கெல்லாம் மனப்பாடம். நம்ம ஊர்ப் பக்கம் அவர்கள் தோற்றது தெரியாது. ஏன் இங்கே சண்டை? மேலே நின்றால் புரியும். திருச்சி போகிற வழி முழுக்கக் கண்ணுக்குக் கீழே!

அந்தச் சண்டையைத் தாண்டி நின்ற சுவர் முழுக்க இப்போது காதலர் பெயர்கள், ஆணியால் கீறியது. போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டு போங்க. ஆணி வேண்டாம்.