எங்கட டிஷ் ஆடினால் படம் போகிறது, இந்தத் தட்டு மட்டும் எப்படி?



எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் கூரையில் ஸ்டார்லிங்க் தட்டு பூட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலையில்தான் இலங்கையில் அந்தச் சேவை தொடங்கியது. தரம் 11 மாணவி ஒருவர் கேட்டார்: "சேர், எங்கட டிஷ் காத்துக்குக் கொஞ்சம் திரும்பினாலே படம் போயிடும். இது ஓடுற சட்டலைட்டை எப்படிப் பிடிக்குது?"

கேள்வி சரியானது. டீவி சட்டலைட் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போலிருக்கும். டிஷ்ஷை ஒருமுறை திருப்பிப் பூட்டினால் போதும். ஸ்டார்லிங்க் சட்டலைட்டுகளோ சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஓடுபவை. சில நிமிடங்களில் தலைக்கு மேலால் போய்விடும்.

குளக்கட்டுக்குப் போனோம். எட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் கல் போட, அலை நேராகப் போனது. பிறகு இடமிருந்து வலமாக, ஒருவர் பின் ஒருவராகப் போட்டோம். இரண்டு தடவை சிரிப்பும் சேறும்தான். மூன்றாவது தடவை அலை வலப்பக்கம் சரிந்து போனது. ஒருவரும் இடம் மாறவில்லை! தட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கான சிறு அன்டெனாக்கள் இப்படித்தான் நிற்கின்றன. ஒவ்வொன்றும் அலையை விடும் நேரத்தை மிகச் சிறிதாக முன்பின் ஆக்கினால், தட்டு அசையாமலே அலை திரும்பும்.

இவ்வளவும் ஒரு தட்டுக்குள் அடங்குவது எப்படி? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தோம். எஃப்எம் வானொலியின் 100 மெகாஹேர்ட்ஸுக்கு அலைநீளம் 3 மீற்றர். 12 கிகாஹேர்ட்ஸுக்கு வெறும் 25 மில்லிமீற்றர். அதில் அரைவாசி இருந்தால் ஒரு அன்டெனாவுக்குப் போதும், விரல் நகத்தளவு. (இந்தச் சின்ன அலைக்கு மாரி மழை ஆகாது, அது வேறு கதை.)

நம் நாட்டின் ராவணா-1க்குத் தலைகீழான சிக்கல். 2019இல் விண்ணுக்குப் போன அந்தப் பெட்டியின் பக்கம் 10 சென்ரிமீற்றர்தான். அது பேசிய 437 மெகாஹேர்ட்ஸுக்கு அலைநீளம் 69. கால்வாசி எடுத்தாலும் 17, பெட்டியை விட நீளம். மடித்துக் கட்டி அனுப்பி, மேலே போனபின் விரிய வைத்தார்கள். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்த தரிந்து தயாரத்னவும் துலானி சாமிக்காவும் செய்த வேலை அது.

இதைச் சொன்னதும் கேள்வி கேட்ட பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்க அவருக்கு ஆசை. எங்கள் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை, வவுனியாவில் தங்கிப் படிக்க வேண்டும். வாப்பாவிடம் பேசப் போனோம். பிளேன்டீ தந்தார், எல்லாம் கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன் சேர்" என்றார்.

வரும்போது பார்த்தோம், பிள்ளை கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தார். வாப்பா கீழே நின்று "வந்திட்டு, வந்திட்டு" என்று கத்திக்கொண்டிருந்தார்.